ஓட்டிசம் உள்ள மகனுக்குச் சேவை நாய் எடுத்த அனுபவம்

டொரொண்டோவின் ஸ்காபரோவில் எங்களைப் போலவே ஓட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கிற பெற்றோர் பலர் சேவை நாயைப் பற்றிக் கேட்கிறார்கள், அதனால் தெரிந்ததை எழுதுகிறேன். முதலில் ஒன்று. சேவை நாய் பிள்ளைக்கு விளையாட்டுத் துணையாக வருவதில்லை. பெரியவர் ஒருவரின் கையில் நின்று வேலை செய்ய வருகிறது, அந்தப் பெரியவர் நீங்கள்தான்.

எங்கள் மகனுக்குப் பேச்சு மிகக் குறைவு. கையை உதறிவிட்டு ஓடிவிடுவான், கார் வருகிறதா என்று பார்க்கமாட்டான், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். இந்தப் பயத்திலேயே மோல், கலியாண வீடு, கடைசியில் பார்க் என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டோம், மூத்தவளும் அவனோடு சேர்ந்து வீட்டுக்குள் அடைபட்டுப்போனாள். நாய் எடுத்துப் பாருங்கள் என்று சொன்னது அவனுடைய பேச்சுப் பயிற்சியாளர்.

கனடாவில் இதற்கு நல்ல இடங்கள் இருக்கின்றன. கேம்பிரிட்ஜில் உள்ள நேஷனல் சேர்விஸ் டோக்ஸ் 1996இல் தொடங்கியது, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று நாய் பழக்கியதில் முன்னோடிகள் அவர்கள். ஓக்வில்லில் லயன்ஸ் பவுண்டேஷன், கியூபெக்கில் மிரா, இரண்டும் நாயை இலவசமாகவே கொடுக்கின்றன. ஆனால் விண்ணப்பம் எப்போதும் திறந்திருக்காது, காத்திருப்பு வருடக் கணக்கில் போகும், வயது எல்லையும் உண்டு, ஆகவே பிள்ளை சிறிதாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். நாங்கள் விண்ணப்பித்த இடத்தில் வைத்தியரின் கடிதம் கேட்டார்கள். அதைவிட அதிகமாகக் கேட்டது வீட்டைப் பற்றி: பிள்ளை எப்போது ஓடுகிறான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான், தினமும் நாயை நடத்திக்கொண்டு போக யாருக்கு நேரம் இருக்கிறது. வீட்டுக்கு நேரில் வந்தும் பார்த்தார்கள்.

வீட்டில் மறுப்பு அம்மாவிடமிருந்துதான் வந்தது. நாய் முற்றத்தில் கிடக்கிற சீவன், சாமியறை இருக்கிற வீட்டுக்குள் அதை எப்படி விடுவது என்று கனநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் வாதாடவில்லை, சாமியறைக் கதவு மட்டும் எப்போதும் பூட்டியிருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன். அப்புறம் அவவே ஒரு நாள், "வைரவற்றை வாகனம்தானே, வரட்டும்" என்று சொல்லிவிட்டா.

பயிற்சிதான் கடினமான பகுதி. எங்களுக்குக் கிடைத்தது ஒரு லாப்ரடோர். குட்டியில் தன்னார்வக் குடும்பம் ஒன்று வளர்த்து, பிறகு நிறுவனத்தில் பழகி, ஏறக்குறைய இரண்டு வயதில் எங்களிடம் வந்தது. அதற்கு எல்லாம் தெரியும், பழக வேண்டியவர்கள் நாங்கள்தான். நாயின் வாரை நான் பிடிக்க வேண்டும், மகனின் இடுப்புப் பட்டியிலிருந்து இன்னொரு வார் நாயின் அங்கியில் கொளுவியிருக்கும். அவன் திடீரென்று இழுத்தால் நாய் நாலு காலையும் ஊன்றி அசையாமல் நின்றுவிடும். (எல்லா நிறுவனமும் இப்படிக் கொளுவுவதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.) குழப்பம் வருகிற நேரத்தில் சொன்னால் அவன் மடியில் பாரத்தை வைத்துப் படுக்கும், அந்த அழுத்தம் அவனுக்குப் பிடிக்கும். ஆனால் கட்டளை கொடுப்பதிலும் பாராட்டுவதிலும் நான் தளர்ந்தால் நாயும் தளர்ந்துவிடும் என்று நாய்ப் பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார், அது உண்மை.

உண்மையில் உதவுமா என்று கேட்பவர்களுக்கு: மிராவின் நாய்களை வைத்து 42 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்து 2010இல் வெளிவந்தது. காலையில் எழும்பியதும் உமிழ்நீரில் கோர்ட்டிசோல், அதாவது மன அழுத்தத்தோடு சேர்ந்து ஏறுகிற ஹோர்மோன், எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். நாய் வருமுன் 58 சதவீதம் ஏறியது, நாய் இருந்தபோது 10, சிறிது காலம் நாயை எடுத்தபோது மறுபடி 48. எங்கள் வீட்டில் நான் அளந்தது வேறு, சப்வேயில் போய்வர முடிகிறது, அவ்வளவுதான், எனக்கு அது போதும். பேச்சு வந்துவிடும் என்று நம்பி நாய் எடுக்காதீர்கள்.

ஒன்ராறியோவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 2005ஆம் ஆண்டின் அணுகல் சட்டப்படி கடைகள், உணவகங்கள் சேவை நாயை உள்ளே விட வேண்டும், சமையல்கட்டுக்குள் மட்டும் போக முடியாது. ஒரு சாப்பாட்டுக் கடையில் எங்களை வாசலிலேயே மறித்தார்கள். அங்கியைக் காட்டி, வைத்தியர் தந்த கடிதத்தையும் காட்டியபிறகு விட்டார்கள், ஆகவே கடிதத்தின் பிரதி பையில் எப்போதும் இருக்கட்டும். வீட்டில் மட்டும் இருக்கிற துணை நாய்க்கு இந்த உரிமை கிடையாது. ஆனால் பிள்ளை ஓடாதவன், நாயோடு அமைதியாக இருப்பான் என்றால் துணை நாயே போதுமாக இருக்கலாம். இன்னொன்று, கடுமையான ஓட்டிசம் என்றால் சேவை நாயின் சாப்பாடு, மிருக வைத்தியச் செலவு எல்லாவற்றையும் வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். பற்றுச்சீட்டுகளை வைத்திருங்கள்.

பாடசாலை இன்னும் முடியாத விஷயம். சேவை விலங்குகள் பற்றி ஒவ்வொரு கல்விச் சபையும் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று மாகாணம் 2019இல் உத்தரவிட்டது, ஆனால் அனுமதி தானாக வராது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகத்தான் முடிவெடுப்பார்கள். வகுப்பில் வாரைப் பிடிப்பது யார், ஒவ்வாமை உள்ள பிள்ளையை எங்கே இருத்துவது என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விகள்தான். அடுத்த கூட்டம் செப்டெம்பருக்கு முன்னர் இருக்கிறது, அதற்கு எங்கள் நாய்ப் பயிற்சியாளரும் வர ஒத்துக்கொண்டிருக்கிறார்.