கடைசியில் போடும் இலை: காரைக்குடி அடுப்பில் தக்காளி பேசில் பாஸ்தா

எங்கள் வீட்டுச் சமையலில் இலை என்றால் முதலில் எண்ணெயில் விழ வேண்டும். கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை, அப்புறம்தான் மற்றதெல்லாம். தக்காளி பேசில் பாஸ்தாவில் இந்த வரிசை அப்படியே புரண்டுவிடுகிறது. அடுப்பை அணைத்த பிறகுதான் பேசில் இலை. படிக்கச் சின்ன விஷயம், கை பழகத்தான் நாளாகிறது. கொஞ்ச காலமாக இந்த ஒரு சமையலையே மாற்றி மாற்றிச் செய்து, எது சரிவந்தது, எது வரவில்லை என்று நோட்டில் குறித்துவருகிறேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

செடியிலிருந்து தொடங்குகிறேன். காரைக்குடியில் நான் போகும் காய்கறிக் கடைகளில் பேசில் வருவதில்லை. பாஸ்தா கிடைக்கிறது, ஆலிவ் எண்ணெய் கிடைக்கிறது, காய்ந்த பேசில்கூடப் புட்டியில் கிடைக்கிறது. காய்ந்ததில் வைக்கோல் வாசம்தான் மிச்சம்; காசுக்குக் கேடு. சரி, வளர்த்துவிடலாம் என்று ஒரு தொட்டியில் பாக்கெட் விதை போட்டேன், ஜெனோவா வகை. இன்னொன்றில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சப்ஜா விதை. இரண்டும் ஒரே இனம்தான். சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சிலையின் விதை. ஈரம் பட்டதும் இரண்டுமே வழவழவென்று கூழைப் போர்த்திக்கொண்டன, முளைப்பதிலும் பெரிய வித்தியாசமில்லை. வளர்ந்த பிறகுதான் பிரிந்து தெரிந்தது. ஜெனோவா வகையின் இலை அகலம், வாசம் இனிப்பு. எனக்கு முளைத்த திருநீற்றுப்பச்சிலையின் இலை சின்னது, வாசம் காட்டம். தக்காளியோடு சேர்ந்தபோது அது ஒன்றுதான் நாக்கில் நின்றது, தக்காளி காணாமல் போனது. இப்போது அதைப் பூக்கவிட்டு விதை எடுத்துக்கொள்கிறேன். வெயில் காலத்தில் சர்பத்துக்கு ஆகிறது.

துளசியைப் போட்டால் ஆகாதா என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டார். துளசியில் யூஜெனால் தூக்கல். கிராம்பில் இருக்கும் அதே பொருள். தக்காளியில் போட்டால் சட்டி குருமா வாசத்துக்குப் போய்விடும். தவிர, மாடத்துத் துளசியைக் கிள்ளிச் சட்டியில் போடுவதெல்லாம் எங்கள் அப்பத்தா இருக்கும் வீட்டில் நடக்கிற காரியமில்லை.

தொட்டிகளை வைத்த இடம் வளவு. பழைய வீடுகளில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு வசதி. நடுவில் வானம் திறந்திருப்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. சுற்றிலும் தாழ்வாரம் இருப்பதால் சித்திரை வெயில் நாள் முழுக்கச் செடியைக் காய்ச்சுவதும் இல்லை. மொட்டைமாடியில் வைத்த கன்று அவசரமாகப் பூத்து, இலை சிறுத்துப் போனது. பேசில் பூக்கத் தொடங்கினால் இலை குறையும், வாசமும் மாறும். அதனால் நுனியை ஒரு ஜோடி இலைக்கு மேலே கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வரும். கிள்ளிய தண்டைத் தண்ணீர்க் குவளையில் நிற்க வைத்தால் வேர்விட்டு இன்னொரு செடியாகிறது. ஐப்பசி மழையில்தான் தொல்லை. ஓட்டுச் சரிவின் தண்ணீரெல்லாம் வளவில்தான் கொட்டும். தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். மழைக்கு முன்பே தாழ்வாரத்துக்கு ஏற்றிவிட வேண்டும்.

பறித்த இலையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது வீண். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனால் பேசில் இலை கறுத்துவிடும். தக்காளிக்கும் கிட்டத்தட்ட அதே கதை, குளிரில் வாசம் போய்விடும். இரண்டுமே வெளியில்தான் இருக்க வேண்டும்.

இனி தக்காளி. இங்கேதான் நான் அதிக நேரம் செலவிட்டேன், அதிக மாற்றமும் இங்கேதான் வந்தது. இத்தாலியர்கள் கொண்டாடும் சான் மர்சானோ தக்காளி நீளமானது, சதை மிகுந்தது, விதை குறைவு; வெசுவியஸ் எரிமலைப் பக்கத்து மண்ணில் விளைவது. நமக்குச் சந்தையில் இருப்பது இரண்டு. நாட்டுத் தக்காளி: புளிப்பு, சாறு, மெல்லிய தோல். பெங்களூர்த் தக்காளி: கெட்டிச் சதை, தடித்த தோல், ருசி சுமார். நாட்டுத் தக்காளியை மட்டும் வைத்துச் செய்தால் தண்ணீர் வற்றவே வெகுநேரமாகிறது. அதற்குள் புளிப்பும் இறுகி, புதுத் தக்காளியின் வாசமும் போய்விடுகிறது. பெங்களூர்த் தக்காளி மட்டும் என்றால் சீக்கிரம் கெட்டியாகிறது, ஆனால் சப்பென்று இருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால் சரியாக வருகிறது. கலந்தாலும் பெங்களூர்த் தக்காளியை வாங்கி வந்ததும் சமைக்கக் கூடாது. காயாகத்தான் வரும், அடுப்படி மேடையில் இரண்டு மூன்று நாள் கிடந்து நன்றாகச் சிவக்க வேண்டும்.

தோலை எடுக்கத்தான் வேண்டும். அடியில் கூட்டல் குறிபோல் கீறி, கொதிநீரில் அரை நிமிடம், உடனே குளிர்ந்த நீர். தோல் தானாகக் கழன்று வரும். விதையை வழித்து எறியச் சொல்லும் சமையல் குறிப்புகளோடு எனக்குச் சம்மதமில்லை. விதையைச் சுற்றியிருக்கும் அந்தக் கூழில்தான் சதையைவிடக் குளூட்டமேட் அதிகம். தக்காளிக்கு ருசி தருவது அதுதான். விதை பிடிக்காதவர்கள் வடிகட்டியில் அழுத்திக் கூழை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

இரும்புச் சட்டியில் தக்காளி வேண்டாம். புளிப்பு இரும்போடு சேர்ந்து நாக்கில் உலோக ருசியை விடும். அலுமினியமும் அப்படியே. நான் அடிகனமான எவர்சில்வர் வாணலியில் செய்கிறேன்.

நான்கு பேருக்கு இப்போது நின்றிருக்கும் அளவு இது: தக்காளி 800 கிராம், பாஸ்தா 320 கிராம், பூண்டு மூன்று பல், ஆலிவ் எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, பேசில் பதினைந்து இருபது இலை, உப்பு. இவ்வளவுதான். எண்ணெயைச் சிறு தீயில் வைத்து, நறுக்கிய பூண்டை வெளிர் மஞ்சளாகும்வரை விட வேண்டும். நம் குழம்புக்குச் சிவக்க விடுவதுபோல் விட்டால் கசப்பு தட்டும். அதில் கையால் பிசைந்த தக்காளி, உப்பு. நடுத்தரத் தீயில் இருபது நிமிடம். புளிப்பு மிஞ்சினால் ஒரு சிட்டிகைச் சர்க்கரை.

இந்த இருபது நிமிடமும் அப்பத்தா அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். "ஏத்தா, சோம்பு போடலையா?" என்பது முதல் கேள்வி. "தாளிக்காமயே இறக்கிருவியா?" என்பது அடுத்தது. அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. சோம்பு, பட்டை, கல்பாசி என்று அடுக்கடுக்காகப் போட்டுப் பழகிய வீட்டில் இந்தச் சமையல் பாதியில் நின்றதுபோல்தான் தெரியும்.

இலையை எப்போது போடுவது என்பதை ஒரே நாளில் மூன்று சின்ன வாணலிகளில் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் பூண்டோடு சேர்த்து எண்ணெயில், ஒன்றில் தக்காளி கொதிக்கும்போது, ஒன்றில் அணைத்த பிறகு. முதலாவதில் இலை கறுத்து, வாசம் முழுக்கச் சமையலறையில்தான் இருந்தது, தட்டில் இல்லை. கறிவேப்பிலையின் வாசம் காய்ந்த எண்ணெயில் இறங்கி அங்கேயே தங்குகிறது. பேசிலின் மேல்வாசமோ லினலூல் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களால் ஆனது, சூடு பட்டால் பறந்துவிடும். இரண்டாவதில் ஏதோ ஒரு கீரைத்தன்மை. மூன்றாவதுதான் பேசில். ஆனாலும் இத்தாலிய வீடுகளில் ஒரு முழுக் கொத்தைக் கொதிக்கும் தக்காளியில் போட்டு, கடைசியில் எடுத்து எறிகிற பழக்கமும் உண்டு. அதையும் செய்து பார்த்தேன். அடியில் மெல்லிதாக ஒரு வாசம் நிற்கிறது. மேலே புதிய இலையும் போடும்போது நன்றாகவே இருக்கிறது. இலை தாராளமாக இருக்கும் நாளில் இப்படிச் செய்கிறேன். இலையைக் கையால் கிள்ளிப் போட்டாலே போதும். கத்தியால் பொடியாக அரிந்தால் வெட்டிய ஓரமெல்லாம் காற்றுப் பட்டுக் கறுக்கும். அரியத்தான் வேண்டுமென்றால் கத்தி நல்ல கூராக இருக்க வேண்டும், அரிந்ததும் போட்டுவிட வேண்டும்.

பாஸ்தா வாங்கும்போது பொதியின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். டியூரம் கோதுமை ரவை என்று மட்டும் இருந்தால் நல்லது. மைதா கலந்தது சட்டியில் கூழாகிறது. இத்தாலியில் உலர் பாஸ்தாவை டியூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். நூறு கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், லிட்டருக்குப் பத்து கிராம் உப்பு. பொதியில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே எடுத்து, மீதி வேக்காட்டைத் தக்காளியிலேயே முடிக்க வேண்டும். அப்போது வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி சேர்க்க வேண்டும். சோறு வடித்த கஞ்சிபோல அதில் மாவுச்சத்து இறங்கியிருக்கும். எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடிப்பது அதுதான். இதைச் செய்யாத நாளில் தட்டின் அடியில் சிவப்புத் தண்ணீர் தனியாக நிற்கும். தண்ணீரில் உப்பு இருப்பதால் தக்காளியில் உப்பைக் குறைத்தே போட வேண்டும்.

"தக்காளி சேமியாதானே, இதுக்கா இவ்வளவு அமளி?" என்றார் அப்பத்தா, முதல் வாய் சாப்பிட்டுவிட்டு. வரலாற்றின்படி பார்த்தால் அவர் சொன்னது ரொம்பத் தப்பில்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனது. 1544-இல் மத்தியோலி என்ற இத்தாலிய மருத்துவர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் பாஸ்தாவோடு அது சேர வெகுகாலம் பிடித்தது. 1839-இல் நேப்பிள்ஸ்காரர் இப்போலித்தோ கவல்காந்தி எழுதி வைத்த செய்முறை வெர்மிசெல்லியும் தக்காளியும் சேர்ந்தது. அந்த வெர்மிசெல்லி நம் சேமியாவைவிடத் தடிமன், அவ்வளவுதான்.

சீஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டில்தான் உறைய வைக்கிறார்கள். அதுதான் அதன் விதி. வெள்ளி, செவ்வாய் சைவம் பார்க்கும் வீட்டில் இது தெரிந்திருக்க வேண்டும். நுண்ணுயிர் ரென்னெட் என்று போட்ட சீஸ் கிடைக்கிறது, அதை வாங்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது தென் இத்தாலியில் சீஸுக்குப் பதிலாகத் தூவும் ரொட்டித்தூள். பழைய ரொட்டியை உதிர்த்து, ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, மேலே தூவினால் மொறுமொறுவென்று இருக்கிறது. அப்பத்தா மறுபடி கேட்டு வாங்கியது இதை மட்டும்தான்.

வேறு வகைகளும் பார்த்தேன். பச்சைத் தக்காளியை, அதாவது வேகவைக்காத பழத்தைப் பொடியாக நறுக்கி, உப்பு, பூண்டு, எண்ணெய், பேசிலோடு அரை மணி நேரம் ஊறவைத்து, சூடான பாஸ்தாவில் புரட்டுவது ஒன்று. மே மாதத்தில் அடுப்படியில் நிற்க முடியாதபோது இதுதான் கைகொடுக்கிறது. ஆனால் பழம் சுமாராக இருந்தால் மறைக்க ஒன்றுமே இல்லை.

சிசிலியில் திராப்பானி ஊர்க்காரர்கள் பாதாம், பூண்டு, பேசில், பச்சைத் தக்காளி எல்லாவற்றையும் கல்லில் இடித்துச் செய்வது இன்னொன்று. எங்களிடம் கல்லுக்கா பஞ்சம். அம்மியில் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் மிளகாய் வாடை போகாது. இஞ்சி இடிக்கும் சின்னக் கல்லுரலில் உப்பும் பூண்டும் முதலில், அப்புறம் தோல் நீக்கிய பாதாம், அப்புறம் இலை, கடைசியில் தக்காளி. மிக்ஸியில் ஓட்டினால் பச்சை மங்கி, நுரைத்துக்கொண்டு வருகிறது. இடித்ததில் அங்கங்கே பாதாம் கடிபடும். எனக்கு இதுவரை செய்ததில் இதுதான் முதலிடம்.

அராபியாத்தா என்ற காரவகைக்கு இராமநாதபுரம் குண்டு மிளகாய் அருமையாகப் பொருந்துகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய். தடித்த தோல், நல்ல நிறம். பூண்டோடு இரண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டால் போதும். இதற்கு வழக்கமாகப் பார்ஸ்லி இலைதான் போடுவார்கள். நான் பேசில் போட்டுப் பார்த்தேன். காரத்தில் இலையின் வாசம் அமுங்கிப் போகிறது. தொட்டியில் இலை குறைவாக இருக்கும்போது வீணாக்க வேண்டாம்.

கத்திரிக்காய் சேர்ந்த நோர்மா, கத்தானியா நகரத்து உணவு. கத்திரிக்காய்க் கோஸ்மல்லி தின்று வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடித்துவிடும். கத்திரிக்காயைத் துண்டாக்கி உப்பில் வைத்துப் பிழிந்து, பொரித்து, தக்காளியோடு சேர்க்க வேண்டும். நல்லெண்ணெயில் பொரித்தால் எள் வாசம் பேசிலோடு மல்லுக்கு நிற்கிறது. கடலை எண்ணெய் பரவாயில்லை. மேலே துருவும் உப்பிட்ட ரிக்கொத்தா சீஸுக்குப் பதிலாகப் பனீரில் உப்புத் தடவி, துணியில் சுற்றி, பாரம் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்தேன். துருவ வருகிறது, ருசி பாதி தூரம்தான் எட்டுகிறது.

இப்போது கையாலேயே பாஸ்தா செய்யும் வேலையில் இறங்கியிருக்கிறேன். டியூரம் ரவை தனியாக இங்கே கிடைக்கவில்லை, சம்பா கோதுமை கிடைக்கிறது. டியூரத்துக்கு நெருங்கிய உறவுதான், ஆனால் இழுவை குறைவு. நீளமாக இழுத்தால் அறுந்துவிடும். அதனால் சின்ன உருண்டையாக்கி, கட்டைவிரலால் பலகையில் தேய்த்துச் சுருட்டும் கவத்தெல்லி வடிவம்தான் இதற்கு லாயக்கு. 100 கிராம் மாவுக்கு 50 மில்லி வெந்நீர் ஊற்றியதில் பலகையில் ஒட்டியது. அடுத்த தடவைக்கு 45 என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.