டோவரிலிருந்து வந்தவர்

2024 மே 8 அன்று, பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பிரதமர் கேள்வி நேரம் தொடங்கச் சற்று முன்பு, டோவர் தொகுதியின் ஆளும் கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினர் நடாலி எல்ஃபிக் கட்சி மாறி எதிர்வரிசைக்குச் சென்று, எதிர்க்கட்சியான லேபரின் தலைவர் கீர் ஸ்டார்மருக்குப் பின்னால் அமர்ந்தார். லேபரின் குடியேற்றக் கொள்கையை அதுவரை கடுமையாகச் சாடிவந்தவர் அவர். லேபர் தலைமை மகிழ்ந்தது, ஆண்டுக்கணக்கில் மழையிலும் குளிரிலும் கட்சிக்காக வீடு வீடாகக் கதவு தட்டியவர்களில் பலர் மனம் நொந்தனர். என் மனம் அவர்கள் பக்கமே நிற்கிறது.

அதற்கு ஐந்து மாதங்கள் முன்பு, டெலிகிராஃப் நாளிதழ்க் கட்டுரையில் கன்சர்வேடிவ் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சரை மாற்றம் கொண்டுவந்த தலைவராக ஸ்டார்மர் குறிப்பிட்டது, தாட்சர் ஆட்சியில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டதை இன்னும் மறக்காத ஊர்களில் பழைய புண்ணைக் கீறியிருந்தது.

2024 ஜூலைத் தேர்தலில் 33.7 விழுக்காட்டு வாக்குகளுடன் லேபருக்கு 411 இடங்கள் கிடைத்தன. 2017இல் ஜெரமி கோர்பின் தலைமையில் தோற்றபோதோ அக்கட்சி 40 விழுக்காடு பெற்றிருந்தது. ஆகவே, வலதுசாரி வாக்குகள் கன்சர்வேடிவ், ரிஃபார்ம் என இரு கட்சிகளுக்குப் பிரிந்ததுதான் இந்த இடங்களைப் பெரிதும் தந்தது என்று கருதுகிறேன். இடதுபுறத்தில் லேபரின் வாக்குக் கசிவு கண்கூடாகத் தெரிந்தது: பிரிஸ்டல் சென்ட்ரலில் தமிழ் வேர் கொண்ட லேபர் வேட்பாளர் தங்கம் டெபோனெய்ர் பசுமைக் கட்சியிடம் தோற்றார், கோர்பின் இஸ்லிங்டன் நார்த்தில் லேபரை எதிர்த்துச் சுயேச்சையாகவே வென்றார்.

ஆட்சிக்கு வந்த அதே மாதம், குழந்தைகளுக்கான உதவித்தொகையை முதல் இருவரோடு நிறுத்தும் வரம்பை நீக்கக் கோரிய திருத்தத்தை ஆதரித்து வாக்களித்த சொந்த உறுப்பினர்கள் ஏழு பேர் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர். எல்ஃபிக்கை இரு கை நீட்டி வரவேற்ற தலைமை, ஏழைக் குழந்தைகளுக்காக வாக்களித்தவர்களிடம் காட்டிய இந்தக் கடுமையை என்னால் ஏற்க முடியவில்லை.