முப்பத்தாறு மாதக்காரர்கள்

கனடாவின் பிரெஞ்சு மாகாணமான கியூபெக்கின் அரசியலில் குடிவரவுப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு வசனங்கள் காதில் விழும். "இந்த நாட்டை வெட்டித் திருத்தியவர்கள் நாங்கள், எங்களை வந்தேறி என்னாதே" என்பது ஒன்று. "உன் முப்பாட்டனும் கப்பலேறி வந்தவன்தானே" என்பது மற்றது. இரண்டு தரப்புமே 17ஆம் நூற்றாண்டுக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தால் கொஞ்சம் சங்கடப்படும்.

1608இல் பிரெஞ்சுக் கடலோடி சம்ப்ளேன் கியூபெக்கில் மரக்கோட்டை கட்டி 28 பேரோடு குளிர்காலத்தைக் கழித்தார். ஸ்கர்வியும் வயிற்றுக்கடுப்பும் போக, வசந்தத்தில் மிஞ்சியவர்கள் 8 பேர். 1627இல் பிரெஞ்சு மன்னரின் தலைமை அமைச்சர் கர்தினால் ரிஷ்லியூ 'நூறு பங்காளிகள்' என்ற கம்பெனியை அமைத்து, 15 ஆண்டுகளில் 4,000 பேரைக் குடியேற்றும் பொறுப்பைக் கொடுத்தார். நிபந்தனை: வருபவர் பிரெஞ்சுக்காரராகவும் கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும். ஊரைவிட்டுப் போகக் காரணம் அதிகம் இருந்த ஹியூகெனோ புரட்டஸ்தாந்தியர்களுக்கு அதோடு கதவு அடைபட்டது. ஆளைப் பொறுக்கி எடுக்கும் பழக்கம் கியூபெக்கில் நேற்று முளைத்ததல்ல. கம்பெனி அனுப்பிய முதல் கப்பல்களை 1628இல் ஆங்கிலேயருக்காகக் கப்பல் வேட்டையாடிய கேர்க் சகோதரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு கியூபெக்கே ஆங்கிலேயர் கைக்குப் போய் 1632இல்தான் திரும்பி வந்தது.

வந்தவர்களில் பெரும் பங்கினர் ஒப்பந்தக் கூலிகள். லா ரொஷெல் போன்ற துறைமுகங்களில் நொத்தாரிசு முன்னால் கையெழுத்து. வழக்கமான தவணை மூன்று ஆண்டு. அதனால் 'முப்பத்தாறு மாதம்' என்பதே அவர்களுக்குப் பட்டப்பெயராயிற்று. கப்பல் செலவு, சாப்பாடு, ஆண்டுக்கூலி முதலாளி பொறுப்பு. தவணை முடியும்வரை கலியாணம் கட்ட முடியாது, தோல் வியாபாரத்தில் சொந்தமாக இறங்க முடியாது. பலருடைய ஒப்பந்தத்தில் திரும்பும் கப்பல் செலவும் எழுதப்பட்டிருந்தது. முடிந்ததும் போய்விட்டார்கள். பிரெஞ்சு ஆட்சிக்காலம் முழுவதும் கடல் கடந்தவர்கள் ஏறத்தாழ 30,000 பேர்; வேரூன்றியவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்கு.

ஏன் போனார்கள்? கிடைத்த காணி ஆற்றோரத்தில் 3 அர்ப்பாங் அகலமும் உள்ளே 30 அர்ப்பாங் நீளமுமான கீற்று (ஒரு அர்ப்பாங் ஏறத்தாழ 58 மீட்டர்). முழுக்கக் காடு. ஓர் ஆள் ஆண்டு முழுவதும் கோடரி வீசினாலும் வெளியாவது ஒன்றிரண்டு சதுர அர்ப்பாங். அடுத்த சிக்கல் இன்னும் எளியது. 1666இல் குடியேற்றத்தின் அரச நிர்வாகி தலோன் எடுத்த கணக்கெடுப்பில் 3,215 பேர்: ஆண்கள் 2,034, பெண்கள் 1,181. (மண்ணின் பூர்வகுடிகள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. 'வெட்டித் திருத்தியவர்கள்' வசனத்துக்கு முதல் ஓட்டை அங்கேதான்.)

அரசர் கண்ட வழி பெண்களை அனுப்புவது. 1663 முதல் 1673 வரை ஏறத்தாழ 800 பேர். பாரிஸின் சல்பெத்ரியேர் அநாதை இல்லத்திலிருந்து வந்தவர்களின் பெட்டியில் இருந்தவை: தொப்பி, டஃபெட்டா கைக்குட்டை, சீப்பு, காலுறை, கையுறை, கத்தரிக்கோல், கத்தி இரண்டு, நூல், ஊசி 100, குண்டூசி 1,000. பொத்தல் அடைக்கத் தேவையானதெல்லாம் உண்டு. 1665இல் வந்த கரிஞ்ஞான்-சலியேர் படையின் ஏறத்தாழ 1,200 சிப்பாய்களில் 400 பேருக்கு மேல் காணி வாங்கித் தங்கிவிட்டார்கள். 1669இல் 10 பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 300 லீவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்), 12 என்றால் 400 என்று ஆணை. 1760 வாக்கில் மக்கள்தொகை 70,000ஐ நெருங்கியது தொட்டிலால்; கப்பலால் அல்ல.

அந்தத் தொட்டில் 1960களில் ஆட்டம் குறைந்ததும் குடிவரவு உயிர்ப்பிரச்சினையாயிற்று. மதம் இருந்த இடத்தில் மொழி வந்து உட்கார்ந்தது. 1977இன் 101ஆம் சட்டம் வந்தேறிகளின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பியது. ஆங்கிலப் பள்ளி வேண்டுமென்றால் தாயோ தகப்பனோ கனடாவில் ஆங்கிலவழி ஆரம்பக்கல்வி பெற்றிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து ஆங்கிலப் படிப்பு செல்லாது. மொன்றியல் தமிழ்ப் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை போடுவது அப்படித்தான். கனடாவோடு செய்த 1991 ஒப்பந்தத்தின்படி பொருளாதாரக் குடிவரவாளரைக் கியூபெக் தானே தெரிவுசெய்கிறது; குடும்ப இணைப்பையும் அகதி அந்தஸ்தையும் கையாள்வது ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசு.

மேடைப்பேச்சு பிசகுவது இங்கேதான். 2019இல் கியூபெக் அரசு 'குறைக்கிறோம்' என்று 40,000 என இலக்கு வைத்தது நிரந்தர வதிவிட உரிமைக்கு மட்டும். மாணவர், தற்காலிகத் தொழிலாளர், புகலிடம் கேட்போர் அந்த எண்ணுக்குள் வருவதில்லை. 2024இல் அவர்கள் 5 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். முன்கதவுக்குப் பூட்டு, பின்கதவு விரியத் திறப்பு.

அவர்களில் பலர் கையில் இருப்பது 'மூடிய' வேலை அனுமதி. முதலாளியின் பெயர் அதிலேயே அச்சாகியிருக்கும். வேலை போனால் புதிதாக ஒப்புதல் வாங்காமல் இன்னொருவரிடம் வேலை செய்ய முடியாது. முப்பத்தாறு மாத ஒப்பந்தத்தைப் படித்தவர்களுக்கு இது பழகிய காகிதம். அன்று மன்னர் தங்கச் சொன்னார், கூலியாள் கப்பலேறினான். இன்று கூலியாள் பிரெஞ்சு படித்துக்கொண்டு தங்கக் கேட்கிறான். அப்படிப்பட்டவர்களுக்கென்று 2010இல் திறந்த பிஈகியூ (கியூபெக் அனுபவத் திட்டம்) என்ற நிரந்தர வதிவிட வழியை 2025 நவம்பர் 19ஆம் தேதி அரசு மூடிவிட்டது.