பைன் மகரந்தம் ஒரு வருடம் காத்திருப்பது ஏன்

பைன் மரத்தில் மகரந்தத் தூள் சூலுக்குள், அதாவது பின்னால் விதையாக மாறும் பகுதிக்குள், போய்ச் சேரும் நாளுக்கும் கருவுறும் நாளுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிடுகிறது. மக்காச்சோளத்தில் இதே வேலை ஒரே நாளில் முடிகிறது, அதுவும் ஒரு சாண் நீளப் பட்டு இழைக்குள் மகரந்தக் குழாய் (முட்டையைத் தேடித் துகள் விடும் நீட்சி) வளர்ந்து போக வேண்டியிருந்தும். பைனில் கடக்க வேண்டிய தூரம் சில மில்லிமீட்டர்கூட வராது. இந்தக் கணக்கை வைத்து பைன் போன்ற ஊசியிலை மரங்களின் மகரந்தக் குழாயை "பழமையானது, மந்தமானது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் பூக்கும் செடிகளுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படவில்லை.

முதலில் தூள் உள்ளே போகிற விதத்தைப் பாருங்கள். பைனின் ஒவ்வொரு மகரந்தத் துகளுக்கும் இரண்டு காற்றுப்பைகள் உண்டு, காற்றில் பறக்கத்தான் அவை என்று நினைப்போம். ஆனால் பெண் கூம்பில் சூலின் வாய் கீழ்நோக்கி இருக்கிறது, அந்த வாயில் ஒரு துளி நீர் கசிந்து நிற்கிறது, அதில் ஒட்டும் துகள் காற்றுப்பைகளின் உதவியால் மேலே மிதந்து சூல்துளைக்குள் ஏறிவிடுகிறது. அப்புறம் துளி உள்ளே வற்ற, துகள் சூல்திசுவின் மேல் போய் உட்காருகிறது. அங்கேதான் முளைக்கிறது. சின்னதாக ஒரு குழாய் விட்டு, திசுவைக் கொஞ்சம் துளைத்து, அதோடு நின்றுவிடுகிறது. குளிர்காலம் முழுக்க அப்படியே.

சரி, ஏன் நிற்கிறது? போய்ச் சேர அங்கே இன்னும் முட்டையே உருவாகவில்லை! துகள் வந்து இறங்குகிற சமயத்தில் பெண் பக்கத்தில் குன்றல் பிரிவுகூட (குரோமோசோம்களைப் பாதியாக்கும் செல் பிரிவு) முடிந்திருக்காது. அது முடிந்து, முட்டைகளை உண்டாக்கும் பெண் கேமீட்டகத் திசு மெதுவாகத் திரண்டு, அடுத்த வசந்தத்தில்தான் முட்டைகள் தயாராகின்றன. அப்போது குழாய் விட்ட இடத்திலிருந்து மறுபடி வளரத் தொடங்குகிறது, அதற்குள் இருக்கும் செல் பிரிந்து இரண்டு ஆண் உட்கருக்கள் உருவாகின்றன. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ப்ரூஸ் மரத்தில் பெண் பக்கம் நடுவில் நிற்காமல் வளர்வதால் சில வாரங்களிலேயே கருவுறுதல் நடந்துவிடுகிறது. ஆக, வருடக் கணக்கான தாமதத்தைக் குழாயின் சோம்பல் என்று சொல்வது தப்பு.

சூலுக்கு வெளியே வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சர்க்கரைக் கரைசலில் துளி போரிக் அமிலமும் கால்சியமும் சேர்த்துப் பைன் தூளைத் தூவி வைத்தால் ஓரிரண்டு நாளில் முளைத்துவிடுகிறது, குளிர்காலம் எதுவும் தேவைப்படுவதில்லை. நுண்ணோக்கியில் இரண்டு காற்றுப்பைகளுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சுவர் புடைத்து, அங்கிருந்து தடித்த, முனை மழுங்கிய குழாய் ஒன்று வெளியே வரும். அயோடின் விட்டால் உள்ளே நகர்ந்து வந்திருக்கும் ஸ்டார்ச் மணிகள் கருநீலமாகத் தெரியும்.

வேகம் குறைவு என்பதும் உண்மைதான், மறுக்கவில்லை. நார்வே ஸ்ப்ரூஸ் குழாய் மணிக்குச் சுமார் 20 மைக்ரோமீட்டர்தான் வளரும், பூக்கும் செடியான லில்லியின் குழாய் அந்தத் தூரத்தைச் சில நிமிடங்களில் தாண்டிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் ஏற்பாடே வேறு. பூக்கும் செடிகளில் சைட்டோபிளாசம் (செல்லுக்குள் இருக்கும் கூழ்) குழாயின் ஓரமாக முனைக்குப் போய் நடுவழியே திரும்புகிறது. ஊசியிலை மரங்களில் நேர்மாறாக நடுவழியே போய் ஓரமாகத் திரும்புகிறது. செல்லுக்குள் சட்டம்போல இருக்கும் நுண்குழல்களைக் குலைத்தால் லில்லிக் குழாயின் வளர்ச்சி பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை, ஸ்ப்ரூஸ் குழாயோ தடுமாறி நின்றுவிடுகிறது. இது பாதியில் நின்றுபோன பழைய வடிவம் இல்லை, தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கும் குழாய் என்றுதான் நான் சொல்வேன்.

மரத்துக்கு மரம் இந்த வழியும் மாறுகிறது. டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் துகளுக்குக் காற்றுப்பையே கிடையாது, அது சூல் வாயிலுள்ள மயிரிழைகளில் சிக்கி உள்ளே இழுக்கப்பட்டு, வெளியுறையைக் கழற்றிவிட்டு நீள்கிறது. அரவுக்கேரியா என்ற இன்னொரு ஊசியிலை மரத்தில் துகள் சூலைத் தொடுவதே இல்லை. கூம்பின் செதிலில் விழுந்து அங்கேயே முளைத்து, சூல் இருக்கும் இடம்வரை குழாயை நீட்டிக்கொண்டு போகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் குழாய் கொண்டுபோகும் சரக்கு. பூக்கும் செடிகளில் பெரும்பாலும் பசுங்கணிகம் (ஒளிச்சேர்க்கை செய்யும் பச்சை உறுப்பு, தனி டிஎன்ஏ உடையது) தாயிடமிருந்துதான் வரும். பைனில் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு, இதற்கும் தனி டிஎன்ஏ உண்டு) தாய்வழி, பசுங்கணிகம் தந்தைவழி. ஊசி இலைகளில் ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகங்கள் எல்லாம் இந்தக் குழாய் வழியாக வந்தவற்றின் வாரிசுகள். அதனால்தான் ஒரு பைன் காட்டில் மகரந்தம் எங்கிருந்து வந்தது, விதை எங்கிருந்து வந்தது என்று தனித்தனியாகத் தேட ஆய்வாளர்களால் முடிகிறது: முதலாவதற்குப் பசுங்கணிக டிஎன்ஏ, இரண்டாவதற்கு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ.