மிதிக்கு ஒரு டக்

ஜூன் 2
சைக்கிள் பெட்டி பிரித்தாயிற்று. பெடல் இரண்டும் தனிப் பையில். இடது பெடலுக்கு மரை தலைகீழ்: இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். அச்சின் நுனியில் எல், ஆர் என்று பொறித்திருப்பதைப் பார்த்துக்கொண்டே மாட்ட வேண்டும். முதல் மூன்று சுற்று கையாலேயே ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் மரை கோணலாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் பெடலின் இரும்புக்கு ஒன்றும் ஆகாது, கிராங்கின் (பெடலை மாட்டும் கை) அலுமினிய மரைதான் வழித்துக்கொண்டு போகும். கிரீஸ் டப்பா எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை. காய்ந்த மரையிலேயே 15 மி.மீ. ஸ்பேனர்.

ஜூன் 3
முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் பின்பக்கம் பார்த்து நிற்கிறது! வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும், முன் பிரேக்கும் ஃபோர்க்குக்கு முன்னால். திருப்பியாயிற்று. பிரேக் கட்டைகள் கல்லாகி, முகம் பளபளக்கிறது. உப்புத்தாளில் தேய்த்தால் தற்காலிகமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். மாற்ற வேண்டும்.

ஜூன் 5
டயர். காற்றில்லாமல் நின்ற டயரில் தரையைத் தொட்ட இடம்தான் முதலில் வெடிப்பு விடும். அங்கே விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும். ரப்பரில் மெல்லிய கீறல் மட்டுமென்றால் கொஞ்ச நாள் ஓட்டலாம். உள்ளே நூல் தெரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். பக்கச்சுவரில் அச்சடித்திருக்கும் எண் காற்றழுத்தத்துக்கு உச்சவரம்பு. அதுவரை அடித்தே தீரவேண்டும் என்பதில்லை. 28 மி.மீ. டயர், 75 கிலோ ஆள் என்றால் பின்னால் 75, முன்னால் 70 பி.எஸ்.ஐ.யில் (காற்றழுத்த அளவு) தொடங்கலாம். பஞ்சரில் அருகருகே இரண்டு ஓட்டை வந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்று குறைவு.

ஜூன் 6
மூன்று கிலோமீட்டர். மிதிக்கு ஒரு டக்.

ஜூன் 7
செயினை அளந்தாயிற்று. ஸ்கேலின் சுழியை ஒரு பின்னின் (கண்ணிகளை இணைக்கும் ஆணி) நடுவில் வைத்தால், அடுத்த பின்னை ஒன்றென எண்ணி 24-வது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். வீசம், அதாவது 1/16 அங்குலம் தள்ளி விழுந்தால் செயினை மாற்ற வேண்டும். அரைக்கால், அதாவது 1/8 அங்குலம் தள்ளி விழுந்தால் பின் பல்சக்கரமும் போயிருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் பல்லில் ஏறி ஏறி வழுக்கும். இங்கே வீசம்கூட இல்லை. அப்படியானால் டக் செயினில் இல்லை. இருக்கவும் முடியாது: முன் பல்சக்கரத்தில் 34 பல், ஒரு மிதிக்கு (பெடல் ஒரு முழுச் சுற்று) 34 கண்ணி நகரும்; செயினில் 110 கண்ணி. ஒரு கண்ணி விறைத்திருந்தால் மூன்று மிதிக்கு ஒரு தடவைதான் சத்தம் வரும்.

ஜூன் 9
முழங்காலின் முன்பக்கம் வலி. சீட் தாழ்வு. குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி தானாகக் கொஞ்சம் மடங்கியிருக்கும். ஒரு தடவைக்கு 5 மி.மீ.க்கு மேல் ஏற்றக்கூடாது. வலி முட்டிக்குப் பின்னால் போனால் ஏற்றியது அதிகம்.

ஜூன் 10
மழை.

ஜூன் 12
புது வட்டாரத்தில் ஞாயிறு விடியலில் பார்த்த பாதை ஒன்றும் சொல்லாது. திங்கள் காலை எட்டரைக்கு அது வேறு சாலை. கவனிக்க வேண்டியவை: சாக்கடை மூடிக் கம்பிகள் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கின்றனவா (28 மி.மீ. சக்கரம் அப்படியே இறங்கும்), நிற்கும் கார்களுக்கு ஒரு கதவு அகலம் தள்ளிப்போக இடமுண்டா, தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க முடியுமா. மேடு ஒன்று இருக்கிறது. முன்னால் 34, பின்னால் 28 பல் கியரில் ஒரு மிதிக்கு சுமார் 2.6 மீட்டர், நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த மேட்டில் அது முடியாது. பின்னால் 32 பல் வேண்டும்.

டக்.

ஜூன் 13
மிதிக்காமல் உருளவிட்டால் சத்தம் இல்லை, எனவே பெரும்பாலும் சக்கரமோ ஸ்போக்ஸ் கம்பியோ இல்லை. எழுந்து நின்று மிதித்தாலும் வருகிறது, எனவே சீட்டும் இல்லை. வலது காலை எடுத்துவிட்டு இடதால் மட்டும் மிதித்தால் வருகிறது. வலதால் மட்டும் மிதித்தால் நின்றுவிடுகிறது. கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இல்லை, அதனால் நடு அச்சின் பால்ரஸையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

காய்ந்த மரை.

ஜூன் 14
கிரீஸ் சமையல் பாத்திரப் பெட்டியில்! பெடலைக் கழற்றி, இரண்டு மரையையும் துடைத்து, மெல்லிசாகப் பூசி, மறுபடி இறுக்கியாயிற்று. பதினொரு கிலோமீட்டர். டக் இல்லை.

ஜூன் 15
கடைசி கியரில் (பின்னால் பெரிய பல்சக்கரம்), மேட்டில் மட்டும், பின்னாலிருந்து சர்ர். செயினைத் தாங்கும் கியர் கூண்டு ஸ்போக்ஸ் கம்பியை உரசுகிறது. பெட்டியில் சைக்கிளின் வலப்பக்கம் அடியில் கிடந்தது. ஹேங்கர் (கியரைத் தாங்கும் காது) உள்பக்கம் வளைந்திருக்கும். நேராக்கும்வரை அந்தக் கியரைத் தொடக்கூடாது, கூண்டு கம்பிக்குள் சிக்கினால் அவ்வளவுதான்.