சங்குக்குள் ஒரு புல்

கன்னியாகுமரியில் எங்களுக்குச் சங்குக் கடை, அப்பா காலத்தில் இருந்தே. சூரிய உதயம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒரு சங்கைத் தூக்கிக் காதில் வைத்து "கடல் சத்தம் கேக்குது" என்பார்கள். விலையைச் சொன்னதும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள்.

என் மகளுக்குக் காது கேட்காது என்று தெரியவே இரண்டரை வயதாகிவிட்டது. மாதா கோயில் திருவிழா வெடிக்கு மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்தின. இவள் பலூன்காரரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு ஒரு வருஷம் முன்பே ஒரு டாக்டரிடம் கேட்டிருந்தோம். "சில பிள்ளைகள் லேட்டாத்தான் பேசும்" என்று அனுப்பிவிட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரியும். காது நரம்பைச் சோதிக்கும் பெரா டெஸ்ட் எடுத்து, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (உள்காதில் கம்பி விட்டுக் கேட்க வைக்கும் கருவி) வைக்கும்போது மூன்று வயது தாண்டிவிட்டது.

ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜன் பேப்பரில் வரைந்து காட்டினார். உள்காதில் பட்டாணி அளவுக்கு ஒரு சுருள், ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. அதற்குள் மெல்லிய கம்பியை விட வேண்டும். "சார், இது சங்குல்லா?" என்றேன். சிரித்துவிட்டு, இந்தக் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான கிரேம் கிளார்க் கதையைச் சொன்னார்.

கிளார்க் ஆஸ்திரேலியக்காரர். அவருடைய அப்பாவுக்கே காது சரியாகக் கேட்காதாம். மெல்போர்னில் ஆராய்ச்சி செய்தபோது, கம்பி சுருளுக்குள் கொஞ்சதூரம் போய் நின்றுவிடும். பேச்சு புரிய வேண்டுமானால் இன்னும் உள்ளே போக வேண்டும். 1977-இல் குடும்பத்தோடு மின்னமுரா கடற்கரைக்குப் போனவர், கையில் கிடைத்த சங்குக்குள் புல்லை நுழைத்துப் பார்த்திருக்கிறார். நுனி வளைந்து கொடுத்து, அடி விறைப்பாக இருந்த புல் சுற்றிச் சுற்றி உள்ளே போயிருக்கிறது. கம்பியையும் அப்படியே அமைத்து, 1978-இல் முதல் ஆளுக்கு வைத்தார்.

எங்கள் கடையில் சங்குக்குப் பஞ்சமா? ஊருக்கு வந்ததும் நானும் செய்து பார்த்தேன். மணல்மேட்டு ராவணன் மீசைப் புல் முதல் வளைவிலேயே குத்தி நின்றது. அருகம்புல் துவண்டு மடிந்தது. கோரையின் நுனியை முன்னால் விட்டு மெதுவாகத் தள்ளினால் போய்க்கொண்டே இருந்தது. நகத்தால் அடையாளம் வைத்து வெளியே இழுத்து அளந்தேன்: நான்கு விரற்கடை. "வந்த ஆளைக் கவனிங்க" என்று மனைவி சத்தம் போட்டாள்.

ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்தது. வேலை அப்புறம்தான் ஆரம்பம். மூன்று வாரம் கழித்து, காதுக்கு வெளியே மாட்டும் மெஷினை ஸ்விட்ச் ஆன் செய்ததும் பயந்து அழுதாள். பிறகு மெஷினை அவள் காதுக்கு ஏற்றபடி செட் செய்கிற மேப்பிங், கேட்கவும் பேசவும் பழக்குகிற தெரபி. தினமும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். கேட்டால் ஒரு சோழியைக் கிண்ணத்தில் போட வேண்டும். 'ஸ்' சொன்னதற்குச் சோழி விழ எட்டு மாதம் ஆனது. ராத்திரி மெஷினைக் கழற்றி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்க மறக்கக் கூடாது. கடல்காற்றில் எங்கள் கடை ஷட்டரே துருப்பிடிக்கிறது.

இப்போது ஏழு வயது. போன ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தவள், எல்லாரும் செய்வதைப் பார்த்து ஒரு சங்கை எடுத்தாள். காதோட்டையில் வைக்கவில்லை, காதுக்கு மேலே, மெஷினின் மைக் இருக்கிற இடத்தில் வைத்தாள்.

"கடல் ஒண்ணும் இல்லப்பா. ஸ்ஸ்ஸ்னுதான் கேக்கு."

"எனக்கும் அப்படித்தான் மக்கா. வாங்க வாறவங்ககிட்ட சொல்லிராத."