தண்ணிக்கு சர்வே பாரத்துல எடமில்ல

கேரளா, பாலக்காடு ஜில்லாவுல கொழிஞ்சாம்பாறை பக்கம் சர்வே எடுக்கப் போன கதை இது. தமிழும் தெரியும் மலையாளமும் தெரியும்னு என்னைப் புடிச்சாங்க, நம்மூர்ல அந்தத் தகுதி இல்லாத ஆளே இல்லங்கறது அவங்களுக்குத் தெரியாது போல. பணம் ஒரு பெரிய அறக்கட்டளையோடது, பொம்பளைங்க சேமிப்பு, குழுக்கடன் பத்தின ஆராய்ச்சி. ஒரு வீட்டுல பாட்டி எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொல்லிட்டு கடைசியில "ஏங் கண்ணு, தண்ணியப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே?"ன்னாங்க. தமிழ்நாட்டு ஆழியாத்துல இருந்து மணக்கடவு வழியா கேரளத்துக்கு வருசம் 7.25 டிஎம்சி வரணும்னு ரெண்டு மாநிலத்துக்கும் ஒப்பந்தம், வராத வருசம் சித்தூர்ப் பக்கம் தென்னை காயும், கடன் வாங்கறதே போர் போடத்தான். ஆனா பாரத்துல அதுக்கு கட்டமே இல்ல. நான் "மற்றவை"ல டிக் பண்ணிட்டு வந்தேன்.

பணம் குடுக்கறவங்க "இப்படி முடிவு எழுது"ன்னு சொல்லி நான் பாத்ததில்ல, அந்த அளவுக்கு அப்பட்டமா யாரும் செய்யறதில்ல. இந்த வருசம் எங்க தீம் இதுன்னு அறிவிப்பாங்க, அவ்ளோதான். ஆராய்ச்சி நடத்தற பேராசிரியர் அதுக்கேத்த மாதிரி ரெண்டு பக்கம் எழுதி அனுப்புவாரு, அது புடிச்சா முழு புரபோசல், அப்புறம் தவணை தவணையா பணம், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு ரிப்போர்ட். தண்ணி வெளிய நின்னது அந்த முதல் ரெண்டு பக்கத்துலயே.

இது பழைய ஏற்பாடுதான். அமெரிக்காவுல ரசல் சேஜ்ங்கற பணக்காரர் செத்ததும் அவர் சம்சாரம் 1907ல ஒரு கோடி டாலர் போட்டு அவர் பேர்ல அறக்கட்டளை வச்சாங்க, உடனே பிட்ஸ்பர்க் இரும்பாலைத் தொழிலாளிங்க எப்படி வாழறாங்கன்னு பெரிய சர்வேக்கு பணம் போச்சு. நம்ம ரத்தன் டாடா (நம்ம காலத்துல இருந்தவர் இல்ல, ஜாம்ஷெட்ஜியோட மகன்) 1912 வாக்குல லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்கு வறுமையப் பத்தி ஆராயச் சொல்லி பணம் குடுத்தாரு. இந்தியப் பணத்துல இங்கிலாந்து ஏழைங்களப் பத்தி ஆராய்ச்சி, படிச்சப்ப சிரிச்சுட்டேன். ஃபோர்டு அறக்கட்டளை டெல்லியில ஆபீஸ் போட்டது 1952ல.

தீம் அவங்க வைக்கறதால எல்லாமே மோசம்னு நான் சொல்லல. அந்தப் பணம் இல்லாட்டி அந்தப் பாட்டி வீட்டு வாசல்ல போய் உக்காந்து ஒரு மணி நேரம் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, அரசாங்க ஆளு வந்தா ரேஷன் கார்டு பாத்துட்டுப் போயிருவாரு.

2020ல வெளிநாட்டு நிதிச் சட்டத்தத் திருத்தினாங்க. வெளிநாட்டுப் பணம் வாங்கற சங்கம் அத இன்னொரு சங்கத்துக்குக் கை மாத்தக்கூடாது, அந்தப் பணத்துல ஆபீஸ் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்துல இருந்து 20க்கு எறங்குச்சு, பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளைக்கு மட்டும்தான் வரணும். பெரிய ஊர் சங்கம் பணம் வாங்கி சின்ன ஊர் சங்கத்துக்கு சர்வே வேலை பிரிச்சுக் குடுத்த வழி அதோட அடைஞ்சுச்சு, எனக்கு ரெண்டு வருசம் ஒரு பாரமும் கைக்கு வரல.

போன வருசம் திரும்பக் கூப்பிட்டாங்க, இந்தத் தடவ உள்ளூர் பணக்காரர் அறக்கட்டளை, தீம் காலநிலை. அதே வீட்டுக்குப் போனேன். தண்ணிக்கு மட்டும் பதினாலு கேள்வி, கடனுக்கு ஒண்ணுகூட இல்ல. பாட்டி "போர் போட வாங்குன கடன எங்க எழுதுவ?"ன்னாங்க. மறுபடியும் "மற்றவை"தான். சம்பளம் ரெண்டாம் தவணை வந்ததும் தரேன்னாங்க, இன்னும் வரல.